வழித்துணை: தமிழ்ச் சமய மரபில் ஆபத்தான பயணங்களும் இறைக்காப்பும்

திருமறைக்காட்டில் இரண்டு அடியவர்களுக்கிடையே ஒரு கருத்து வேறுபாடு எழுந்ததாகச் சேக்கிழார் சொல்கிறார். ஒருவர் அப்பர் என்று அழைக்கப்படும் முதியவரான திருநாவுக்கரசர். நீற்றறையில் அடைக்கப்பட்டு, கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டு மீண்டவர். மற்றவர் பிள்ளைப் பருவம் கடவாத திருஞானசம்பந்தர். பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் ஆளனுப்பி மதுரைக்கு அழைக்கிறார்கள். பிள்ளை புறப்படத் துணிகிறார், அப்பர் தடுக்கிறார். அமணர், அதாவது சமணர், செய்யும் வஞ்சனைக்கு எல்லையில்லை என்பது ஒரு காரணம். கோள்கள் நல்ல நிலையில் இல்லை என்பது இன்னொன்று. சம்பந்தர் அதற்கு விடையாகப் பாடியதே கோளறு பதிகம் என்பது மரபு. இரண்டாம் திருமுறையில் 85ஆம் பதிகமாக அது நிற்கிறது.

இந்த விவாதத்தில் அப்பரை அச்சத்தின் பக்கமும் சம்பந்தரை நம்பிக்கையின் பக்கமும் நிறுத்திப் படிப்பது வழக்கமாகிவிட்டது. அது அப்பருக்குச் செய்யும் அநீதி. உயிர்போகும் இடங்களிலெல்லாம் இறைவனை நம்பி நின்றவர் அவர். இருவருக்கும் காப்பவன் ஒருவனே. அவன் எப்படிக் காக்கிறான் என்பதில்தான் பார்வை மாறுகிறது. அந்த மாற்றத்தின் வரலாற்றைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழில் அதற்கென ஒரு சொல் இருக்கிறது: வழித்துணை.

பக்தி இயக்கத்துக்கு முந்தைய தமிழ்ப் பாடல்களில் வழிப்போக்கனைக் காத்தது முதன்மையாக வழியைப் பற்றிய அறிவு. பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. செங்கண்மாவில் ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு அது. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் இருக்கும் இடம், பாம்பு ஒடுங்கும் குழி, தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல், வழுக்கும் பாறை என்று ஒவ்வோர் ஆபத்தையும் அது எண்ணிச் சொல்கிறது. பொறிகள் உள்ள வழியில் விடிந்தபின் நடக்கச் சொல்கிறது. கவர்வழிகளில் பின்னால் வருவோர் தடுமாறாதபடி புல்லை முடிந்து அடையாளம் வைத்துப் போகச் சொல்கிறது. வழியிலுள்ள தெய்வங்களையும் நடுகற்களையும் வணங்கச் சொல்வதும் அதே குறிப்புகளோடு சேர்ந்தே வருகிறது. வழிபாடு அங்கே வழிநடைக் கலையின் ஒரு பகுதி.

மற்றொரு காப்பு, நற்சொல். முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் முல்லை மலரும் தூவி விரிச்சி கேட்கப் போகிறார்கள். குளிரில் நடுங்கும் கன்றிடம் ஆய்மகள் ஒருத்தி உன் தாயர் இதோ வந்துவிடுவார்கள் என்று சொல்வது காதில் விழுகிறது. போர்மேல் சென்றவன் திரும்புவான் என்பதற்கு அதுவே உறுதி. தெய்வம் இங்கே குறிப்புக் காட்டுகிறது. தான் கூட வருவதில்லை.

சிலப்பதிகாரத்தில் இந்த இரண்டும் கலந்து வருகின்றன. புகாரிலிருந்து மதுரைக்கு நடக்கும் கோவலனிடமும் கண்ணகியிடமும் கவுந்தியடிகள் வழியின் இடர்களை விரிவாகச் சொல்கிறார். அந்தப் பட்டியலில் என்னை எப்போதும் நிறுத்துவது ஒன்று உண்டு. வயல்வரப்பில் நடக்கும்போது காலடியில் நண்டும் நத்தையும் நசுங்கக்கூடும், அந்தத் துன்பத்தைத் தாங்க முடியாது என்கிறார் அவர். வழிப்போக்கனே பிற உயிர்க்கு ஆபத்து என்று நினைத்துப் பார்த்த சமணத் துறவி அவர். பின்னாளில் அமணர் என்ற சொல்லே ஆபத்தின் பெயராக மாறிய கதைகளைக் கவுந்தியை அறிந்தவர்கள் வலியில்லாமல் படிக்க முடியாது.

அதே பயணத்தில் கானுறை தெய்வம் ஒன்று கோவலன் அறிந்த வசந்தமாலையின் உருவில் வந்து அவனை மயக்கப் பார்க்கிறது. அவன் மந்திரம் சொல்லி அதை விலக்குகிறான். காடு அவனை ஒன்றும் செய்யவில்லை. உயிர் போனது காவலுள்ள நகரத்தில், அரசாணையால். மந்திரக் காப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்ற கேள்வியை இளங்கோவடிகள் இப்படித் திறந்து வைத்துவிட்டுப் போகிறார்.

கோளறு பதிகத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் படித்தால்தான் அதன் புதுமை புலப்படும். அதுவும் ஓர் ஆபத்துப் பட்டியல்தான். முதல் பாட்டில் ஞாயிறு தொடங்கிச் சனி வரை ஏழு கோள்களும் வாரநாள் வரிசையிலேயே வருகின்றன; பாம்புகளாகிய இராகுவும் கேதுவும் சேர்ந்துகொள்கின்றன. 7ஆம் நூற்றாண்டில் ஏழு நாள் வாரம் தமிழ்ப் பேச்சில் வேரூன்றிவிட்டதற்கு இந்த வரிசையே நல்ல சான்று. அடுத்த பாட்டில் பயணத்துக்கு ஆகாத நாள்மீன்கள் எண்களால் சுட்டப்படுகின்றன. பிறகு காலனும் தூதரும் நோய்களும், இடியும் மின்னலும், சிங்கம், புலி, யானை, பன்றி, நாகம், கரடி, காய்ச்சல், குளிர், வாதம், பித்தம். மலைபடுகடாத்தின் ஆசிரியர் இதைப் படித்திருந்தால் தலையசைத்திருப்பார். ஆனால் பெருங்கௌசிகனார் ஒவ்வோர் ஆபத்துக்கும் தனித்தனி உபாயம் சொன்னார். சம்பந்தர் எல்லாவற்றுக்கும் ஒரே காரணத்தைச் சொல்லி, இவை அடியாருக்கு நல்லவையே என்று முடிக்கிறார். இறைவன் என் உள்ளத்தில் புகுந்துவிட்டான் என்பதே அந்தக் காரணம்.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். தேவாரப் பதிகங்கள் பெரும்பாலும் ஓர் ஊரைப் பற்றி நிற்பவை: ஊரின் பெயர், அதன் ஆறு, சோலை, அங்கே கோயில் கொண்டவன். கோளறு பதிகத்துக்குத் தலம் இல்லை. திருமறைக்காடும் இல்லை, மதுரை ஆலவாயும் இல்லை. கடைசிப் பாட்டில் வரும் பிரமாபுரம், பாடியவரின் ஊர் என்ற அளவிலேயே வருகிறது. ஊரைவிட்டு ஊர் செல்பவனுக்கு, ஒரு கோயிலில் அமர்ந்திருக்கும் இறைவன் எப்படித் துணையாவான்? உள்ளத்தில் புகுந்த இறைவனோ நடப்பவனோடு நடக்கிறான். தலத்தை விட்டு இப்பாட்டு வெளியே வந்திருப்பது, அதன் பொருளோடு அவ்வளவு பொருந்துகிறது.

இன்னொன்று, ஆபத்துகளும் இறைவனும் ஒருவருக்கொருவர் அந்நியர் அல்லர் என்பது. அஞ்சப்படும் கோள்களில் ஒன்றான திங்கள் அவன் முடியில் இருக்கிறது. பாம்பு அவனுக்கு அணி. கொல்விலங்குகளைப் பட்டியலிடும் அதே பாட்டில் அவன் புலித்தோல் உடுத்தவனாக வருகிறான். நஞ்சு கழுத்திலேயே தங்கியிருக்கிறது. ஆபத்தை வெளியே நின்று தடுக்கும் காவலன் அல்லன் அவன். அதைத் தன்மேல் தாங்கியவன். பதிகம் ஆபத்துகள் இல்லை என்றோ வரமாட்டா என்றோ வாதாடவில்லை. அவற்றின் குணம் மாறிவிட்டது என்கிறது. அப்பர் கோள்நிலையைச் சொன்னபோது அவர் தவறாகக் கணக்கிட்டதாகச் சம்பந்தர் சொல்லவே இல்லை.

பதிகத்தை மதுரைப் பயணத்தோடு இணைத்துச் சொல்லும் விரிவான வரலாறு 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் இருக்கிறது. பாடலுக்கும் புராணத்துக்கும் இடையே ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள். ஆகவே எது பாடலின் சொல், எது பிற்கால நினைவு என்று பிரித்துப் பார்ப்பது ஆய்வாளரின் கடமை. ஆயினும் சேக்கிழார் நம்பிக்கையை எளிதான வெற்றிக் கதையாக ஆக்கிவிடவில்லை. மதுரை சேர்ந்த இரவிலேயே சம்பந்தர் தங்கிய மடத்துக்குத் தீ வைக்கப்படுகிறது. அப்பர் எச்சரித்தது அப்படியே நடக்கிறது. அந்தத் தீ மெல்லச் சென்று பாண்டியனைப் பற்றட்டும் என்று பிள்ளை பாடுகிறார், அது வெப்புநோயாகிறது. பின்னர் சம்பந்தரோடு நடந்த வாதில் தோற்ற அமணர் எண்ணாயிரவர் கழுவேறினர் என்ற முடிவை நான் கடந்துபோக விரும்பவில்லை. அது வரலாற்று நிகழ்ச்சியா, பிற்காலச் சமயப் பூசலின் உருவகமா என்ற விவாதம் நீண்ட காலமாக நடக்கிறது. காப்பை நாடிப் புறப்பட்ட ஒரு பயணத்தின் கதை பிறருடைய அழிவில் போய் முடிவது, அதை நேசிக்கிறவர்களுக்கே பெரிய சுமை.

துணை என்ற கருத்தின் முழு அழகு வாதங்களில் வெளிப்படவில்லை. பசியில் வெளிப்பட்டது. திருப்பைஞ்ஞீலிக்கு நடந்துசெல்லும் அப்பர் பசியாலும் நீர்வேட்கையாலும் சோர்கிறார். வழியில் ஒரு சோலையும் குளமும். அங்கே அந்தணர் ஒருவர் பொதிசோற்றோடு காத்திருக்கிறார். உண்ணச் சொல்கிறார், நீர் பருகச் சொல்கிறார், எங்கே போகிறீர் என்று கேட்கிறார், தாமும் அங்கேதான் போவதாகச் சொல்லிக் கூடவே நடக்கிறார், ஊர் நெருங்கும்போது மறைந்துவிடுகிறார். சுந்தரருக்குத் திருக்குருகாவூர் வழியில் தண்ணீர்ப்பந்தலும் சோறும் இப்படியே கிடைக்கின்றன. நெடுவழியில் உயிரைக் காக்கும் துணை என்றால் நம் மக்களுக்கு நினைவுக்கு வந்தது வாளேந்திய வீரன் அல்ல, கட்டுச்சோறு கொண்டுவந்து, எங்கே போகிறீர் என்று கேட்கும் ஒரு மனிதர். கட்டுச்சோற்றின் அருமை தெரிந்த, நடந்தே வாழ்ந்த ஒரு சமூகம் மட்டுமே இறைவனை இப்படிக் கண்டிருக்க முடியும்.

துணை தவறினால்? திருமுருகன்பூண்டிப் பதிகத்தில் சுந்தரர் இதற்கு விடை சொல்கிறார். கொங்கு நாட்டு வழியில் வடுக வேடுவர் மிரட்டிக் குத்தி, உடுத்த கூறையைப் பறிக்கும் இடம் இது என்று பாட்டுக்குப் பாட்டு வருணிக்கிறார். அந்தக் காலத்துச் சாலையின் நிலைமையை இவ்வளவு நேராகச் சொல்லும் சமயப் பாடல் வேறு எனக்குத் தெரியாது. இப்படிப்பட்ட ஊரில் நீர் எதற்காக இருக்கிறீர் என்று இறைவனையே கேட்கிறார். சேரமான் கொடுத்த பொன்னைப் பறித்தவர்கள் வேடர் வடிவில் வந்த பூதகணங்களே என்றும், பொருள் திரும்பக் கிடைத்தது என்றும் புராணம் ஆறுதல் சொல்கிறது. பாட்டில் இருப்பது கேள்வி. கூட வருவதாகச் சொன்னவனிடம்தான் இப்படிக் கேட்க முடியும். குறிப்பு மட்டும் காட்டும் தெய்வத்தோடு யாரும் சண்டை போடுவதில்லை.

அப்பரின் கயிலைப் பயணம் இன்னும் கடினமான இடம். நடந்து பாதம் தேய்கிறது, தவழ்ந்து கை தேய்கிறது, மார்பால் ஊர்ந்து அதுவும் தேய்கிறது, பிறகு உருள்கிறார். முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிப் போகச் சொல்கிறான். இவர் மறுக்கிறார். பொய்கையில் மூழ்கச் சொல்லப்பட்டு, எழும்போது திருவையாற்றில் நிற்கிறார். இணை இணையாக வரும் உயிர்களிடமெல்லாம் சத்தியும் சிவமும் காண்கிறார். காப்பு என்றால் உடலுக்கு ஊறு வராமை என்று பொருள் கொண்டால் இந்தக் கதை தோல்விக் கதை. போக நினைத்த இடத்துக்கு அவர் போய்ச் சேரவே இல்லை. கோளை அஞ்சிப் பிள்ளையைத் தடுத்த அதே முதியவர்தான் இப்படித் தேய்ந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் தமக்காக ஒருபோதும் நாள் பார்த்ததாகக் கதை இல்லை. தடுத்தது அன்பினால்.

வைணவ மரபில் இந்தச் சொல் இன்னும் ஓர் அடி முன்னே செல்கிறது. மதுரைக்கு அருகேயுள்ள திருமோகூர் காளமேகப் பெருமாளை நம்மாழ்வார் திருவாய்மொழி பத்தாம் பத்தின் முதல் திருவாய்மொழியில் பாடுகிறார். உடலை விட்டுப் புறப்படும் கடைசிப் பயணத்துக்குத் துணை தேடும் பாடல்கள் இவை என்று உரையாசிரியர்கள் கொண்டார்கள். வழித்துணைப் பெருமாள் என்ற பெயர் அப்படி நிலைத்தது. 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதரும் தனியே செல்லும் அச்சமூட்டும் வழிக்கு முருகனின் வேலையும் மயிலையும் துணை என்கிறார். நிலத்தின் வழி உயிரின் வழியாக விரிந்துவிட்டது.

வணிகர்களுக்கோ நிலத்தின் வழியே போதுமான கவலை தந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெருங்குழு ஐம்பொழில் பரமேசுவரியைத் தம் தெய்வமாகக் கொண்டது. அதே குழு வீரர்களையும் வைத்திருந்தது. அவர்கள் காவலில் இருந்த எறிவீரபட்டினங்களைப் பற்றிச் சோழர் காலக் கல்வெட்டுகள் பேசுகின்றன. தெய்வத்தை நம்புவதும் வாளுக்குச் செலவிடுவதும் அவர்களுக்கு முரணாகத் தோன்றவில்லை. மலைபடுகடாத்தின் பழைய விவேகம் இங்கே தொடர்கிறது என்றே நினைக்கிறேன்.

வேலூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் உள்ள விரிஞ்சிபுரத்தில் இறைவனுக்கே வழித்துணைநாதர் என்று பெயர். வடமொழியில் மார்க்கபந்து. மிளகு வணிகர் ஒருவர் கள்வருக்கு அஞ்சி இங்கே வேண்டிக்கொள்ள, இறைவன் சேவகன் வேடத்தில் உடன் வந்து காத்தான் என்பது தல வரலாறு. மைசூர்ப் பக்கமிருந்து காஞ்சிக்குப் பொருள் போன வழி இது என்பதை வைத்துப் பார்த்தால், இந்தப் பெயர் இந்த ஊரில் பிறந்ததன் காரணம் விளங்கும். 16ஆம் நூற்றாண்டில் வேலூர் சின்ன பொம்ம நாயக்கரின் ஆதரவில் வாழ்ந்த அப்பய்ய தீட்சிதர் இந்த இறைவன்மேல் மார்க்கபந்து தோத்திரம் பாடினார். பயணம் புறப்படும்போது அதைச் சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆரணிக்கு அருகேயுள்ள அடையபலத்தில் பிறந்தவர் அவர். அந்தச் சாலை அவருக்குப் பழகிய சாலை.

கடல்வழியில் இந்தக் கதைக்கு இன்னொரு தொடக்கம் உண்டு. கோவலனின் முன்னோன் ஒருவன் கப்பல் உடைந்து நீரில் தத்தளித்தபோது மணிமேகலா தெய்வம் வந்து கரைசேர்த்தது. அந்த நன்றிக்காகவே மகளுக்கு மணிமேகலை என்று பெயரிட்டான் கோவலன். பௌத்த சாதகக் கதைகளிலும் இத்தெய்வம் கடலில் வீழ்ந்த நல்லோரைக் காக்கிறது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து கப்பலேறிய சீனத் துறவி பாகியான் புயலில் சிக்கினார். தம் குவளையையும் பாத்திரத்தையும் கடலில் எறிந்தார். அரும்பாடுபட்டுத் தேடிய ஏடுகளையும் வணிகர்கள் எறிந்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் போதிசத்துவர் அவலோகிதரை வேண்டினார். தாம் நலமாகத் திரும்பிக் கரைசேர வேண்டும் என்பதே அவர் கேட்டது. அந்த அவலோகிதர் உறையும் போதலக மலையைத் தென்கோடியில் வைத்து எழுதினார் 7ஆம் நூற்றாண்டின் யுவான் சுவாங். அதைப் பொதிகையோடு இணைக்கும் ஆய்வாளர்கள் உண்டு.

கரைசேர்ந்தவர்கள் செய்தது என்ன என்பதற்குச் சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சான்று. ஆண்டு 1281. அந்நாட்டை ஆண்ட கானின் நலத்துக்காகச் சிவபெருமானை எழுந்தருளச் செய்ததாக அது சொல்கிறது. செய்வித்தவர் பெயர் சம்பந்தப் பெருமாள். மதுரைக்குப் புறப்பட்ட பிள்ளையின் பெயரை ஒரு தமிழர் அவ்வளவு தூரம் சுமந்து சென்றிருக்கிறார்.

பிந்திய நூற்றாண்டுகளில் தமிழகத்தின் சோழமண்டலக் கரையில் மதம் கடந்து இந்த நம்பிக்கை பரவியது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவர், ஓட்டை விழுந்த கப்பலைத் தம் கைக்கண்ணாடியால் அடைத்துக் காத்தார் என்று மரக்காயர்களும் பிற கடலோடிகளும் சொல்லிவந்தார்கள். சற்றுத் தெற்கே வேளாங்கண்ணியில், 17ஆம் நூற்றாண்டில் புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள் மரியன்னைக்கு ஆலயம் எழுப்பியதாக மரபு. அவர்கள் கரைசேர்ந்த நாளாகக் கருதப்படும் செப்டம்பர் 8 இன்றும் அங்கே பெருவிழா. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் ஆண்டவர் நினைவாக 1828க்கும் 1830க்கும் இடையே ஒரு தர்கா எழுந்தது. அதே தெருவில் சில ஆண்டுகளுக்குப் பின் சீனர்கள் கடலன்னை மாசுவுக்குக் கோயில் கட்டினார்கள். அந்தத் தெரு அப்போது கடற்கரை. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் முதலில் மிதித்த மண்.

இந்தக் கோயில்களையெல்லாம் கட்டியவர்கள் வந்து சேர்ந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்காக மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த தமிழ்த் தொழிலாளரில் பலர் வந்து சேரவில்லை. காலராவும் காய்ச்சலும் பட்டினியும் அவர்களை வழியிலேயே எடுத்துக்கொண்டன. கோளறு பதிகத்தின் பட்டியலில் உள்ள ஆபத்துகளே பெரும்பாலும். அவர்களுக்குச் சோலையும் இல்லை, குளத்தோரம் பொதிசோறு வைத்துக் காத்திருந்தவரும் இல்லை. அவர்களும் தங்கள் ஊர் மாரியம்மனை வேண்டிக்கொண்டுதான் புறப்பட்டிருப்பார்கள். சுந்தரர் பூண்டியில் கேட்ட கேள்வியை அந்த வழியில் எத்தனை பேர் கேட்டார்களோ, பாட்டாக எழுதி வைக்க யாரும் இருக்கவில்லை.

அந்தப் பாதை முடிந்த மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். மாசி மகத்தில் ஐந்து தேர்கள் வீதி வருகின்றன. வடம் பிடிப்பவர்களில் நடந்து வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.